பூப்பும் நாட்கணக்கும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கற்பியலில் ஒரு குறிப்பிட்ட நூற்பா வந்ததும் குரல் சற்றுத் தாழும். "இதை உரையைப் பார்த்து நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவோம். என் ஆசிரியர் அப்படித்தான் கடந்தார். நானும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே கடந்துவந்திருக்கிறேன். மனைவியின் பூப்புக்குப் பிந்தைய பன்னிரண்டு நாட்களைப் பற்றிய நூற்பா அது.

சென்ற ஆண்டு அந்தப் பகுதியை நடத்துவதற்குச் சில நாட்கள் முன்பு, முதுகலை மாணவி ஒருத்தி வகுப்பில் மயங்கி விழுந்தாள். ஆட்டோவில் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர்களில் நானும் ஒருத்தி. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழு கிராம் என்று வந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது விலக்கானாய்?" என்பதுதான். அவளுக்குத் தேதி தெரியவில்லை. எத்தனை நாள் நீடிக்கும் என்று கேட்டபோது, "பத்து, பன்னெண்டு நாள் இருக்கும் மேடம். எனக்கு எப்பவும் அப்படித்தான்" என்றாள். விலக்கான நாட்களில் எந்தப் பாத்திரத்தைத் தொடக்கூடாது, எத்தனையாம் நாள் தலைக்குக் குளித்தால் பூஜையறைக்குள் போகலாம் என்று கேட்டிருந்தால் பிசகாமல் சொல்லியிருப்பாள். விலகி நிற்கும் கணக்கு அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். தன் உடலின் கணக்கு மட்டும் அவளிடம் இல்லை.

திரும்பி வரும் வழியில் என் ஆயாவின் சுவர் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் அண்ணாகிராமம் ஒன்றியத்தைச் சேர்ந்தது; தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடையில் கரும்பும் முந்திரியும் பலாவும் விளையும் நிலம். பழைய வீட்டில் நெற்குதிருக்குப் பின்னால் இருந்த மண்சுவரில் ஆயா கரித்துண்டால் கோடுகள் போட்டு வைத்திருப்பார். ஒரு வரிசை பால் கணக்கு. இன்னொரு வரிசை என்னவென்று நெடுநாள் எனக்குத் தெரியாது. மருமகள்கள் ஒவ்வொருவரும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்த நாளை அமாவாசையிலிருந்து எண்ணி அங்கே கோடிடுவார் என்பதைப் பிறகு அம்மா சொன்னார். யாருக்காவது கோடு தள்ளிப்போனால் வீட்டில் பேச்சு மாறும். சோற்றில் ஒரு கரண்டி நெய் கூடும். தள்ளிப்போனது கருவினால் அல்ல, வேறு கோளாறினால் என்று தெரிந்தால் அந்த நெய் நின்றுவிடும்.

எண்ணுவதற்கு எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எண்ணியது யாருக்காக என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியோடு நம்முடைய பழைய ஏடுகளையும் அண்மை வரலாற்றையும் புரட்டிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

*

நாங்கள் தாவிச் செல்லும் அந்த நூற்பாவின் செய்தி எளியது. பரத்தையிடம் பிரிந்து சென்ற கணவனாக இருந்தாலும், மனைவி பூப்பெய்திய பின் வரும் பன்னிரண்டு நாட்களில் அவளை விட்டு அகன்று வாழ்தல் கூடாது என்கிறது அது. இறையனார் அகப்பொருளும் இதையே விதிக்கிறது. முதல் மூன்று நாட்களில் கூட்டம் இல்லை. ஆயினும் அந்த நாட்களிலும் கணவன் சொல் கேட்கும் தொலைவில் இருக்கவேண்டும் என்று உரைகள் விளக்குகின்றன. காரணமும் சொல்கின்றன: இவை கரு அமைவதற்கு உரிய நாட்கள்.

இதைவிட வியப்பானது இச்செய்தி கணவனுக்குப் போய்ச்சேரும் விதம். சேடிக்குச் செவ்வணி அணிவித்துப் பரத்தையர் சேரிக்கு அனுப்புவார்கள் என்பது அகப்பொருள் மரபு. சிவந்த ஆடையும் சிவந்த பூவும் சூடி அவள் தெருவழியே நடந்து போவதைப் பார்த்தவுடன், தலைவி பூப்பெய்தியிருக்கிறாள் என்பது அவனுக்கு விளங்கும். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் வரை இத்துறை தொடர்ந்து வந்திருக்கிறது. இன்று மருந்துக்கடையில் ஒரு பொதி நாப்கின் கேட்டால் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, கண்ணைப் பார்க்காமல் கொடுக்கிறார்கள். செவ்வணியிலிருந்து கறுப்புப் பைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பது ஆராயத்தக்கது.

ஆனால் இதை வைத்துப் பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. தொல்காப்பியருக்கு ஹார்மோன் தெரிந்திருந்தது என்று மேடையில் முழங்குபவர்கள் நம்மிடையே உண்டு. அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. மாதந்தோறும் நிகழும் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்த சமூகத்தின் பட்டறிவு அது. மூன்று நாள் விலக்குக்குப் பிந்தைய பன்னிரண்டு நாட்களை எண்ணினால் நான்காம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை வருகிறது. இருபத்தெட்டு நாள் சுழற்சி உடைய பெண்ணுக்குச் சூல்முட்டை வெளிப்படுவது ஏறத்தாழப் பதினான்காம் நாள். அந்த அளவில் கணக்கு பொருந்துகிறது. சுழற்சி நீண்டோ குறுகியோ இருக்கும் பெண்ணுக்குப் பொருந்தாது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நூற்பாவின் எழுவாய் கணவன். அவன் எங்கே இருக்கவேண்டும் என்பதே அதன் பேச்சு. அவளுக்கு வலி இருந்ததா, இரத்தம் மிகுந்ததா என்ற கேள்வி நூற்பாவிலும் இல்லை, நான் படித்த உரைகளிலும் இல்லை. ஆயாவின் சுவரைப் போலவே இதுவும் குடியின் கணக்கு, மகப்பேற்றின் கணக்கு.

*

எண்ணுவதோடு கூடவே விலக்குவதும் தொன்மையானதுதான். புறநானூற்றின் 299ஆம் பாடலில் பொன்முடியார் இரண்டு வகைக் குதிரைகளைக் காட்டுகிறார். சீறூர்த் தலைவனின் குதிரை உழுந்துச் சக்கையைத் தின்று வளர்ந்தது. அது போரில் பாய்கிறது. பெருவேந்தனின் குதிரைகள் நெய்ச்சோறு தின்றவை. அவை ஒதுங்கி நிற்கின்றன. எப்படி ஒதுங்கி நிற்கின்றன என்பதற்கு அவர் கூறும் உவமை, முருகன் கோயிலில் கலங்களைத் தொடாமல் விலகி நிற்கும் பெண்கள். பாடியவர் பெண்பாற் புலவர் என்பது கூடுதல் செய்தி. உவமை என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்ததைச் சொல்வது. ஆகவே விலக்கான பெண் கோயிலில் பாத்திரத்தைத் தொடாமல் நிற்பது அக்காலத்திலேயே எல்லாரும் அறிந்த வழக்கமாக இருந்திருக்கிறது.

விலக்கு, தூரம், தீட்டு, வீட்டுக்கு வெளியே என்று நம்மிடம் புழங்கும் சொற்களைப் பாருங்கள். பூப்பு என்ற சொல்லைத் தவிர மற்ற அனைத்தும் இடத்தைக் குறிப்பவை அல்லது குற்றத்தைக் குறிப்பவை. உடலில் நிகழ்வது என்ன என்பதைச் சொல்லும் சொல் ஒன்று கூட இல்லை. மதுரை மாவட்டத்துக் கூவலாபுரத்திலும் சுற்றியுள்ள சில ஊர்களிலும் விலக்கான பெண்கள் தங்குவதற்கென்றே ஊர்ப்பொதுவில் கட்டிய வீடு உண்டு. முட்டுத்துறை என்பது அதன் பெயர். அங்கும் சொல் இடத்தைத்தான் சுட்டுகிறது.

விலக்குவதற்குப் பின்னால் அச்சம் இருந்தது. விலக்கானவள் தொட்டால் வெற்றிலைக்கொடி வாடும், ஊறுகாய் பூத்துப்போகும், கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சிறுமியாக இருந்தபோது நான் ஒருமுறை வேண்டுமென்றே மல்லிகைச் செடியைத் தொட்டுவிட்டு ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பாட்டுக்குப் பூத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இது தமிழருக்கு மட்டும் உரிய மூடநம்பிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, இந்த இரத்தம் பட்டால் மது புளிக்கும், பயிர் கருகும் என்று தம் இயற்கை வரலாற்று நூலில் எழுதிவைத்தார். அதைவிட வேடிக்கை 1920இல் நடந்தது. வியன்னாவில் பேலா ஷிக் என்ற மருத்துவர் இருந்தார். தொண்டை அடைப்பான் நோய்க்குப் பரிசோதனை கண்டுபிடித்த பெரிய மனிதர். தம் வீட்டுப் பணிப்பெண்ணிடம் கொடுத்த ரோஜாப் பூக்கள் சீக்கிரம் வாடியதைக் கண்டார். அவள் விலக்கான நாள் அது என்று அறிந்தார். உடனே மாதவிடாய்ப் பெண்ணின் உடலில் ஒரு நஞ்சு ஊறுகிறது என்று மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். பல ஆண்டுகள் அந்த நஞ்சைத் தேடி ஆய்வுகள் நடந்தன. அப்படி ஒரு நஞ்சு இல்லை. எங்கள் ஊர்க் கிழவிகளும் வியன்னாவின் மருத்துவரும் ஒரே பூவைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். படிப்பு மட்டும் அச்சத்தைப் போக்கிவிடுவதில்லை.

*

மறுத்துப் பேசியவர்களும் நம் மரபிலேயே இருந்தார்கள். சிவவாக்கியர் தூமை என்ற சொல்லை எடுத்துக்கொண்டு நேரடியாக வாதிட்டார். மாதந்தோறும் வெளியேறும் தூமை நின்றுபோன இடத்தில்தான் உடல் உருவாகிறது. அப்படியானால் தீட்டு என்று ஒதுக்கும் நீ எதனால் ஆனவன் என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். உரத்த கேள்வி. ஆனால் அதுவும் சாதி ஆசாரத்தைச் சாடுவதற்கு எடுத்த ஆயுதமே தவிர, அந்தப் பெண்ணின் வயிற்றுவலியைப் பற்றியதல்ல.

வைணவத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிள்ளை லோகாசாரியர், ஸ்ரீவசன பூஷணத்தில் சரணாகதிக்கு இடம், காலம், தூய்மை என்ற நியதி எதுவும் இல்லை என்று நிறுவும்போது திரௌபதியைச் சான்றாக அழைக்கிறார். சபையில் அவள் கண்ணனைக் கூப்பிட்டபோது குளித்துவிட்டு வந்து கூப்பிடவில்லை என்பது அவர் வாதம். பாரதக்கதைப்படி அப்போது அவள் ஒற்றை ஆடையில் இருந்த மாதவிலக்குப் பெண்.

பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த எங்களுக்கு இந்தத் திரௌபதி ஏட்டில் மட்டும் இருப்பவள் அல்லள். ஊருக்கு ஊர் அவளுக்குக் கோயில் உண்டு. பாரதம் படித்து, கூத்து நடத்தி, தீமிதித்து முடிப்போம். துகிலுரியும் இரவில் கூத்துக்களத்தைச் சுற்றி விடிய விடிய ஊரே உட்கார்ந்திருக்கும். விலக்கான நிலையில் இழுத்துவரப்பட்டவளைத் தெய்வமாகக் கும்பிடுகிற அதே ஊரில், விலக்கான பெண்கள் அன்றிரவு கோயில் எல்லைக்குள் வராமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இந்த முரண் எங்கள் யாருக்கும் அப்போது உறுத்தியதில்லை. அண்மைக்கால வழிபாட்டில் இதற்கு விடை சொன்னது மேல்மருவத்தூர். 2023இல் மறைந்த பங்காரு அடிகளாரின் ஆதிபராசக்தி பீடத்தில் விலக்கான பெண்களும் கருவறைக்குள் சென்று தொழலாம் என்பது விதி. எங்கள் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாகச் செவ்வாடையில் பெண்கள் அங்கே போனார்கள். செவ்வணிச் சேடி எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை, இப்போது வருகிறது.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூப்பு என்பது சட்டத்தின் வாசலுக்கு வந்தது. பூப்புக்கு முன்பே மணமுடிக்க வேண்டும் என்ற ஆசாரம் சில சாதிகளில் இறுக்கமாக இருந்தது. பூப்பெய்திய பிறகு மணம் செய்யலாமா என்ற ருதுமதி விவாகச் சர்ச்சை அக்காலச் சென்னைப் பத்திரிகைகளையும் சபைகளையும் ஆட்டிவைத்தது. 1891இல் இசைவு வயதுச் சட்டம் பெண்ணின் வயது வரம்பைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. 1929இன் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என்றது. பூப்பு எப்போது என்று எண்ணிக்கொண்டிருந்த குடும்பத்தை வயது எத்தனை என்று எண்ணும்படி அரசு திருப்பியது. அது பெரிய மாற்றம்தான். ஆனாலும் எண்ணியது மணத்துக்காகவே.

அந்தக் காலத்தில் பூப்பு என்றால் பள்ளிக்கு முற்றுப்புள்ளி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டிக்கும் அப்படித்தான் ஆயிற்று. பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். ஆனால் வீட்டில் படிப்பு தொடர்ந்தது. பின்னர் ஆண்கள் படித்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவரானார். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவர். பூப்பெய்திய அன்றோடு வேறு எத்தனை முத்துலட்சுமிகளின் படிப்பு நின்றது என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை.

*

அதே ஆண்டுகளில் உலகின் வேறு மூலைகளில் இந்தச் சுழற்சியின் உள்ளியக்கம் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. 1827இல்தான் பாலூட்டிகளின் சூல்முட்டையைக் கார்ல் ஃபான் பேயர் கண்டார்.  1905இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங், இரத்தத்தின் வழியே சென்று தொலைவில் உள்ள உறுப்பைத் தூண்டும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயரிட்டார். 1923இல் அமெரிக்காவில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் பன்றிகளின் சூலகத்திலிருந்து எடுத்த நீரில் ஈஸ்ட்ரோஜனின் செயலைக் காட்டினார்கள். 1929இல் ஜார்ஜ் கார்னரும் வில்லர்ட் ஆலனும் புரோஜெஸ்டிரோனை அடையாளம் காட்டினார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து என் மாணவிகளுக்குச் சொல்வது இது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சூலகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கே சில சூற்பைகள் வளரத் தொடங்குகின்றன. அவை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. கருப்பையின் உட்படலம் தடிக்கிறது. முந்திய பை ஒன்று வெடித்து முட்டையை வெளியேற்றுகிறது. காலியான அந்தப் பை மஞ்சள் நிறத் திரளாகி, புரோஜெஸ்டிரோனைச் சுரந்து உட்படலத்தைத் தாங்கி நிற்கிறது. கரு தங்கவில்லை என்றால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அந்த மஞ்சள் திரள் வாடிவிடும். தாங்கல் போனதும் உட்படலம் உதிர்கிறது. உதிர்வதுதான் மாதவிடாய். அது கெட்ட இரத்தமும் அல்ல, உடலின் கழிவும் அல்ல. வராத விருந்தாளிக்காக விரித்த பாய். அதைச் சுருட்டி வைத்துவிட்டு உடல் மறுபடியும் விரிக்கத் தொடங்குகிறது.

நாட்கணக்கைச் சரியாகப் பிடித்தவர் ஜப்பானின் கியூசாக்கு ஒகினோ. 1924இல் அவர் வெளியிட்ட முடிவு, முட்டை வெளிப்படும் நாளை முந்தைய விலக்கிலிருந்து எண்ணக்கூடாது, அடுத்த விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும் என்பது. அது பன்னிரண்டு முதல் பதினாறு நாட்களுக்கு முன்பு நிகழ்கிறது என்றார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸும் சில ஆண்டுகளில் இதையொட்டிய முடிவுக்குத் தனியே வந்தார். சுழற்சியின் பின்பாதி பெரும்பாலும் நிலையானது. முன்பாதிதான் நீளும், குறுகும். தொல்காப்பியரின் பன்னிரண்டு சில பெண்களுக்குப் பொருந்திச் சிலருக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். ஒகினோவின் கணக்கும் கருவுறுவதற்கோ கருவுறாமல் இருப்பதற்கோதான் பயன்பட்டது.

1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள், விலக்கு நின்றுபோன அல்லது ஒழுங்கற்ற ஏழு பெண்களின் சூலகங்களைப் பற்றி எழுதினார்கள். இன்று பி.சி.ஓ.எஸ். என்று நாம் கேள்விப்படுவது அதுவே. தமிழில் இதை நீர்க்கட்டி என்கிறார்கள். பெயர் வீண் அச்சத்தைக் கொடுக்கிறது. அவை அறுவை செய்து அகற்றவேண்டிய கட்டிகள் அல்ல. முழுதும் முதிராமல் நின்றுவிட்ட சூற்பைகள். விலக்கு தள்ளிப்போவது, முகத்தில் மயிர், அடங்காத பரு, உடற்பருமன், கழுத்தில் கருமை என்று இது பல முகம் காட்டும், இன்சுலினோடும் தொடர்புடையது, கவனிக்காமல் விட்டால் பின்னாளில் சர்க்கரை நோய்க்கு வழிவிடும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அறுபது பேர் உள்ள வகுப்பில் ஆறு பேர். இந்த ஆறு பேரும் முகத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு, விலக்கு வராததை ஒருவகையில் நிம்மதி என்று எண்ணிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

2006இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் மகப்பேறு மருத்துவர் சங்கமும் கூட்டாக ஒரு கருத்தை வெளியிட்டன. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போல மாதவிடாய்ச் சுழற்சியையும் ஒரு பெண்பிள்ளையின் உடல்நிலை காட்டும் அடிப்படைக் குறியாகக் கொள்ளவேண்டும் என்பதே அது. நான் பார்த்த வரையில், எண்ணப்படும் நாட்கள் எண்ணப்படுபவளுக்கே சொந்தமாகிற இடம் இதுதான். வளர்ந்த பெண்ணுக்கு இருபத்தொன்று முதல் முப்பத்தைந்து நாள் இடைவெளி இயல்பு. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் நாற்பத்தைந்து வரை போகலாம். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலும் மருத்துவரைப் பார்க்கவேண்டும். தைராய்டு, இரத்தம் உறையாமை, பி.சி.ஓ.எஸ்., போதிய உணவின்மை, மிகுந்த மன அழுத்தம் என்று காரணங்கள் பல. எதுவாயினும், முதலில் தேதி தெரிந்திருக்க வேண்டும்.

*

தமிழ்நாட்டில் துணியைப் பற்றிய வெட்கத்தை உடைத்ததில் கோவை அருணாசலம் முருகானந்தத்துக்குப் பங்குண்டு. மனைவி பழந்துணி பயன்படுத்துவதைப் பார்த்துத் தொடங்கிய அவரது முயற்சி குறைந்த விலை நாப்கின் இயந்திரமாக முடிந்தது. 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2012இல் தமிழக அரசின் புது யுகம் திட்டம் ஊர்ப்புறத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்கத் தொடங்கியது: இரண்டு மாதத்துக்கு மூன்று பொதி, பொதிக்கு ஆறு. ஆக ஒரு விலக்குக்கு ஒன்பது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றவேண்டும் என்றால் ஐந்து நாளுக்கு இருபது வேண்டும். எண்ணிக்கை போதவில்லை என்றாலும், பள்ளியில் ஆசிரியை பெயர் கூப்பிட்டுக் கொடுக்கும் பொருளாக அது ஆனதே பெரிது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் பதினைந்து முதல் இருபத்துநான்கு வயதுப் பெண்களில் நூற்றுக்கு 98 பேர் அளவில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதே ஆய்வில், பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கு இரத்தசோகை.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். வெளியே தெரிவதைத் துடைத்து மறைக்க நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். உள்ளே குறைவதை எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை. இரத்தசோகைக்கு உணவும் பிற நோய்களும் காரணம் என்றாலும், ஒரு மில்லி இரத்தத்தோடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. பன்னிரண்டு நாள் போனால் என்ன மிஞ்சும்? பள்ளியில் வாரம் ஒன்றாகக் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிந்தவர்களில் என் மாணவியும் ஒருத்தி. வயிற்றைப் புரட்டுகிறது என்பது அவள் சொன்ன காரணம். முதல் பூப்புக்குத் தாய்மாமன் ஓலை கட்டி, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டுகிறோம். அதன்பின் வாழ்நாளில் வரும் நானூறு விலக்குகளுக்கு உளுந்தும் இல்லை, பேச்சும் இல்லை.

விலக்குவதன் விலையும் இன்னும் தீரவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்பெய்தியதற்காகத் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்தாள். எங்கள் பகுதியின் முந்திரியையும் பலாவையும் 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வேரோடு சாய்த்த இரவை நான் அறிவேன். அந்தக் காற்றில் ஓலைக்குச்சு என்ன ஆகும் என்பதும் தெரியும். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி, விலக்கானதால் வகுப்புக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வெழுதிய காணொளியை எல்லாரும் பார்த்தோம். பொன்முடியாரின் உவமை இன்னும் யாருக்கும் அடிக்குறிப்பு இல்லாமலே புரிகிறது.

*

இந்த ஆண்டு அந்த நூற்பாவை நான் தாவவில்லை. வாசித்தேன், உரையையும் வாசித்தேன், செவ்வணியை விளக்கினேன். வகுப்பில் முதலில் ஓர் அசையாமை. பையன்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "பன்னெண்டு நாளும் அவன் வீட்டில இருக்கணும்னு சொல்றாங்க. அவளுக்கு முடியுதா, முடியலையான்னு யாராவது கேட்டாங்களா மேடம்?" என்றாள். உரையில் இல்லை என்றேன். இல்லை என்பதையும் விடைத்தாளில் எழுதலாம் என்றேன்.

மயங்கி விழுந்த மாணவிக்குத் தைராய்டு குறைபாடு என்று பின்னால் தெரிந்தது. மாத்திரை சாப்பிடுகிறாள், ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டிவிட்டது. கைப்பையில் வைத்திருக்கும் சிறு நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைக்கிறாள். "வீட்டுல பாத்தா என்னன்னு கேப்பாங்க மேடம், என்ன சொல்றது?" என்று ஒருநாள் கேட்டாள். என் கணக்கு என்று சொல் என்றேன்.

ஆயாவின் சுவர் இப்போது இல்லை. தானே புயலில் கூரை போன பிறகு அந்த வீட்டை இடித்துக் கட்டினோம்.